வலி நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை

நேயர்களுக்கு வணக்கம். 30 வருடம் பிரசவ வார்டில் செவிலியாக வேலை பார்த்தவள் நான். கொரோனா காலம் பிரசவத்தை எப்படி மாற்றியது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. கடையை மூடினார்கள், பள்ளியை மூடினார்கள், அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். இடுப்பு வலி வந்தவளிடம் அடுத்த மாதம் வா என்று சொல்ல முடியுமா?

தாய்க்குத் தொற்று என்றால் சிசேரியன்தானா? அன்று எல்லோரும் கேட்டது இதைத்தான். ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது. வூகானிலிருந்து 2020 பிப்ரவரியில் வந்த ஓர் ஆய்வில் 9 கர்ப்பிணிகள். 9 பேருக்கும் சிசேரியன். வரும் வழியில் குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம். அப்புறம்தான் தெளிந்தது, தாயிடமிருந்து வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கிருமி போவது அரிது என்று. கொரோனா என்ற ஒரே காரணத்துக்காக வயிற்றைத் திறக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. தாய்க்கு மூச்சுத் திணறல் முற்றுகிறது, குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்றால் அது வேறு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவசர சிசேரியனில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. கவச உடை மாட்டவே நேரம் போய்விடும். முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விடும்போது கிருமி காற்றில் பரவும் அபாயமும் உண்டு. அதனால் முதுகில் போடும் மயக்க ஊசியை முன்கூட்டியே யோசிக்கச் சொன்னார்கள்.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வலியில் இருப்பவளுக்குத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும். இதை நான் கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2017இல் 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூடவே ஒருவர் இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது. பெருந்தொற்று வந்ததும் பல இடங்களில் முதலில் நிறுத்தியது அந்தத் துணையைத்தான். நியூயார்க்கில் சில மருத்துவமனைகள் கணவரைக்கூட உள்ளே விடவில்லை. மாநில அரசு தலையிட்டுத்தான் ஒருவரை அனுமதிக்க வைத்தது.

ஒரு ராத்திரி நடந்தது. முதல் பிரசவம், சின்னப் பெண். டெஸ்ட் பாசிட்டிவ். அவள் அம்மா வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். கவச உடையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே உருவம்தானே, அதனால் மார்பில் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வோம். வலியில் துடிப்பவள் அதைப் படிக்கும் நிலையிலா இருப்பாள்? ஒவ்வொரு வலி அடங்கும்போதும், "யாரு சிஸ்டர் நீங்க? காலையில இருந்தவங்கதானா?" என்று கேட்டாள். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்து, மூன்று மணி நேரமாக நகரவில்லை. பயத்தில் உடம்பு இறுகும். கருப்பையைச் சுருங்க வைத்துப் பிரசவத்தை முன்னே கொண்டுபோகும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனின் சுரப்பு பயத்தில் மட்டுப்படும். சிசேரியனுக்குக் கையெழுத்து வாங்கலாமா என்று டாக்டர் யோசித்தார்.

அவளுடைய போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரிப்ஸ் ஸ்டாண்டில் கட்டினேன். வீடியோவில் அவள் அம்மா. அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "மூச்சை மெதுவா வெளிய விடுடி, நான் எண்றேன்" என்று எண்ண ஆரம்பித்தார். வலி வரும்போதெல்லாம் எண்ணினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையுறை போட்டிருந்தேன். "சூடு தெரியுது சிஸ்டர்" என்றாள். விடிவதற்குள் சுகப்பிரசவம். போன்தான் பிரசவம் பார்த்தது என்று சொல்ல மாட்டேன். குழந்தையின் தலை நன்றாக இறங்கியிருந்தது, அவளுக்கும் தெம்பு இருந்தது. ஆனால் அம்மா எண்ண ஆரம்பித்ததும் அவளுடைய தோள் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

திரும்பவும் சொல்கிறேன்: ஓர் ஆள், முகக்கவசத்தோடு, நோய் அறிகுறி இல்லாத ஒரே ஓர் ஆள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தால், மருத்துவமனைக்கு வரவே சிலர் தயங்குவார்கள். போக வண்டியும் இல்லையென்றால்? நேபாளத்தில் 9 மருத்துவமனைகளில் கணக்கெடுத்தார்கள். ஊரடங்கில் அங்கே பிரசவங்கள் பாதிக்கும் கீழே போயின. இறந்து பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 14 என்றிருந்தது 21 ஆனது.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். தாய்ப்பால் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொற்று இருக்கும் தாயும் கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம். தொப்புள்கொடியை அவசரமாக வெட்டத் தேவையில்லை. அம்மா ரொம்ப முடியாமல் இருந்தால் தவிர, குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டாம். பிறந்ததும் அவள் மார்பின் மேலேயே போடுங்கள். வணக்கம்.