பாத்திரம் உருட்டட்டும்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, பிள்ளைகளைப் பின்வரிசையில் தூங்க வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். தந்திருக்கிற நேரம் கொஞ்சம். அதை வணக்கத்திலே செலவழிக்க மாட்டேன்.

"'ஷோ மீ யுவர் வாய்ஸ்' நிகழ்ச்சிக்கு உயிர் கொடுப்பவர்கள் பாடத் தெரிந்தவர்களா, பாடத் தெரியாதவர்களா?" இதுதான் தலைப்பு. பாடத் தெரியாதவர்களே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 2022-இல் எம்6 அலைவரிசையில் வந்தது. இசா டூம்பியா நடத்தினார். கொரியாவில் எம்நெட் அலைவரிசை 2015-இல் தொடங்கிய விளையாட்டின் பிரெஞ்சு வடிவம். முன்பின் தெரியாத சிலர் மேடையில் வந்து நிற்பார்கள். யாருக்குப் பாட வரும், யாருக்கு வராது என்று அவர்கள் பாடுவதைக் கேட்காமலே சொல்ல வேண்டும். முகத்தைப் பார்க்கலாம், நிற்கிற நிலையைப் பார்க்கலாம், வாயசைப்பைப் பார்க்கலாம். "இவருக்குப் பாட வராது" என்று ஒதுக்கிய பிறகுதான் அவர் வாயைத் திறந்து பாடிக் காட்டுவார். தேன் வருமா, தகரம் வருமா என்று அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். கடைசியில் மிஞ்சுகிறவர் பெயர்பெற்ற பாடகர் ஒருவரோடு சேர்ந்து பாட வேண்டும். அவ்வளவுதான்.

இதே பிரான்சில் டிஎஃப்1 அலைவரிசையில் 2012 முதல் 'த வாய்ஸ்' என்கிற பாட்டுப் போட்டி நடக்கிறது. அங்கே நடுவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காது உண்டு, கண் இல்லை. இங்கே கண் உண்டு, காது இல்லை. 'த வாய்ஸ்' பாடகருக்கு ஏற்பட்டது. அங்கே போய் அவர்கள் ஜெயிக்கட்டும். இந்த மேடையில் பாடத் தெரியாதவர் ஒருவரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எதைக் கண்டுபிடிப்பது? எதற்கு மூச்சைப் பிடிப்பது?

எதிரணியில் முதலில் பேசிய ஐயா, பாடகர் அமீர் கதையைச் சொன்னார். பிறவியிலேயே ஒரு காது கேட்காது, பல் வைத்தியம் படித்தவர், 2014-இல் 'த வாய்ஸ்' மேடை ஏறினார், 2016-இல் யூரோவிஷன் என்கிற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் பிரான்சுக்காகப் பாடி ஆறாவது இடம் பெற்றார். ஐயா, அருமையான கதை. நானும் கை தட்டினேன். ஆனால் அது 'த வாய்ஸ்' கதை, நம் தலைப்பின் கதை இல்லையே.

அடுத்து, அடுத்தவர் குரலுக்கு வாயசைப்பது மோசடி என்றார். மில்லி வனில்லி என்கிற பாட்டு ஜோடியை இழுத்தார். அதில் ஒருவரான ஃபாப் மொர்வான் இதே பாரிஸில் பிறந்தவர்தான். அந்த இருவரும் ஆடினார்கள், வாயசைத்தார்கள், பாடியவர்கள் வேறு ஆட்கள். 1990-இல் கிராமி விருது வாங்கினார்கள், அதே ஆண்டு உண்மை வெளிவந்து விருது பறிபோனது. எல்லாம் சரி. ஆனால் அங்கே உண்மை மறைக்கப்பட்டது. இங்கே ஒவ்வொருவரும் கடைசியில் தன் சொந்தக் குரலைத் தானே எடுத்து வைக்கிறார். வாயசைப்புச் சுற்றைக் கவனித்திருக்கிறீர்களா? பாடத் தெரிந்தவர் தன் குரலுக்கே வாயசைப்பார். பாடத் தெரியாதவர் அடுத்தவர் குரலுக்கு வாயசைக்க வேண்டும். அந்தக் குரல் எங்கே மூச்சு இழுக்கிறதோ அங்கே இவர் நெஞ்சு ஏற வேண்டும். அது எங்கே கமகம் போடுகிறதோ அங்கே இவர் தொண்டைக்குழி ஆட வேண்டும். எவ்வளவு பயிற்சி வேண்டும்! பின்னணிக் குரலுக்கு வாயசைத்த நடிகர்களுக்கு அறுபது எழுபது வருடமாகக் கைதட்டி வளர்ந்த சனம் நாங்கள். எங்களுக்குத் தெரியாதா அது எத்தனை பெரிய வேலை என்று?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பழமொழியும் சொன்னார். அந்த மேடையில் ஒருவர்கூடக் கூடத்தைக் குறை சொல்லவில்லை, ஐயா. எனக்கு வராது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள். கொரிய மூலத்தில் கடைசிவரை மிஞ்சியவர் பாடகராக இருந்தால் அவருக்கு ஒரு பாடல் வெளியீடு. பாடத் தெரியாதவராக இருந்தால் 50 லட்சம் வொன் பணம். போட்டியை உருவாக்கியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, யாருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று.

இவ்வளவும் ஒரு பக்கம். இரண்டாவதாகப் பேசிய சகோதரிக்கு வருகிறேன்.

சகோதரி நம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் ஒரு வசனம் சொல்லிவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள். "பாட வராதவர்கள் எதற்கு மேடைக்கு வருகிறார்கள்? குசினிக்குள் போய்ப் பாத்திரம் உருட்டட்டும்!" என்றார்.

பாத்திரம் உருட்டட்டும்.

நடுவர் அவர்களே, இந்த மண்டபத்தில் இருக்கிற ஆண்களில் இந்த நகரத்துக்கு வந்து பாத்திரம் உருட்டாதவர் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். பார்த்தீர்களா, மூன்று கை. அதிலும் ஒன்று சின்னப் பெடியன்.

சரி, உருட்டின கதையையே சொல்கிறேன். சகோதரிக்குத் தெரிந்திருக்கும், பாட வராதவரைப் பிரெஞ்சுக்காரர் எப்படிச் சொல்வார்கள் என்று. 'கேஸ்ரோல்' என்பார்கள். கேஸ்ரோல் என்றால் கைப்பிடி வைத்த சட்டி. கேஸ்ரோல் மாதிரிப் பாடுகிறான் என்றால் சட்டி உருள்கிற மாதிரிப் பாடுகிறான் என்று அர்த்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பாரிஸுக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் சலாட் வெட்டுகிற வேலை. நிலத்துக்குக் கீழே குசினி. ஜன்னல் கிடையாது. மூலையில் பாத்திரம் கழுவுகிற தொட்டி. அங்கே ஓர் அண்ணை. அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சுக்காரரும் அண்ணை என்றே கூப்பிடுவார்கள். கொதிநீர் ஆவிக்குள்ளே முழங்கைவரை சிவந்த கையோடு நிற்பார். நின்றுகொண்டு பாடுவார். தேவாரம். அதிலும் முதல் இரண்டு அடிதான் தெரியும். அதையே திருப்பித் திருப்பிப் பாடுவார். முதல் அடி ஏற வேண்டிய இடத்தில் இறங்கும். இரண்டாம் அடி இறங்க வேண்டிய இடத்தில் தடக்கென்று மேலே போய் அங்கேயே நிற்கும். ஆனால் மனுசன் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுவார்.

ஒருநாள் ஷெஃப் தாங்கமாட்டாமல் அடுப்படியில் இருந்து கத்தினார்: "கேஸ்ரோல்!"

அண்ணைக்கு அப்போது பிரெஞ்சு மொழியில் தெரிந்தது குசினிச் சாமான்களின் பெயர் மட்டும். பாட்டை நிறுத்தினார். ஒரு கேஸ்ரோலை எடுத்தார், கழுவினார், துடைத்தார், கொண்டுபோய் ஷெஃப் முன்னால் வைத்தார். திரும்பி வந்து விட்ட இடத்தில் இருந்து பாடத் தொடங்கினார்.

ஷெஃப் திரும்பவும் கத்தினார்: "கேஸ்ரோல்!"

சட்டி சின்னதாகிவிட்டது போல என்று நினைத்தார் அண்ணை. அடுத்த அளவு கேஸ்ரோலை எடுத்தார், கழுவினார், துடைத்தார், கொண்டுபோய் வைத்தார். வந்து பாடினார்.

மூன்றாவது தரம் ஷெஃப் கத்தியபோது முகம் தக்காளிப் பழம். "கேஸ்ரோல்! கேஸ்ரோல்!" அண்ணை அங்குமிங்கும் பார்த்தார். மேல் தட்டில் பத்துப் பேருக்குச் சூப் வைக்கிற ஒன்று இருந்தது. கதிரை போட்டு ஏறினார். எடுத்தார். கழுவினார். துடைத்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஷெஃப் முன்னால் போய் நின்றார், கோயிலில் கும்பம் ஏந்தி நிற்கிற மாதிரி.

ஷெஃப் அந்தச் சட்டியைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். மேசையில் வரிசையாக இருக்கிற மற்ற இரண்டையும் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். காரணம் தெரியாமல் அண்ணையும் சிரித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் வேலை தொடங்கும்போது ஷெஃப் கரண்டியால் ஒரு சட்டியில் மூன்று தட்டுத் தட்டி, "கேஸ்ரோல்!" என்று கூப்பிடுவார். அண்ணை பாடுவார். பிறகுதான் அடுப்புப் பற்றும்.

பின்வரிசையில் இருந்து யாரோ "இன்னொரு தரம்" என்று கேட்கிறீர்கள். இன்னொரு தரம் சொல்லுவேன், ஆனால் நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். சின்னச் சட்டி, நடுச் சட்டி, பெரிய சட்டி. போதும்!

சகோதரி, நீங்கள் "சுருதி தெரியாத காது" என்றும் சொன்னீர்கள். கனடாவில் மொன்றியால் பல்கலைக்கழகத்தில் இசபெல் பெரெட்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர் இதையே பல வருடம் ஆராய்ந்தவர். பிறவியிலேயே சுருதி பிரித்து அறிய முடியாத காது உள்ளவர்கள் மிகச் சிலர். அபசுரமாகப் பாடுகிற பலருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டதைத் தொண்டையால் கொண்டுவரத்தான் ஏலாமல் இருக்கிறது. அப்படியென்றால் என்ன? தான் பாடுவது பிழை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பாடுகிறார். நல்ல குரல் உள்ளவர் மேடை ஏறுவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்? கைதட்டு அங்கே காத்துக்கொண்டிருக்கிறது. மற்றவர் ஏறுவதுதான் நெஞ்சுரம்.

அண்ணைக்கும் தெரியும். ஒருநாள் கேட்டேன். "எனக்குத் தெரியும் தம்பி, சுதி சேராது" என்றார். பிறகு ஏன் பாடுகிறீர்கள் என்றேன். "மறந்துபோகாமல் இருக்கத்தான்" என்றார். எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

அவர் ஊரை விட்டு வரும்போது மகளுக்கு எட்டு மாதம். பாரிஸில் நம் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு, வேலை முடிந்து நடுச்சாமத்தில் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று ஊருக்கு எடுப்பார். அங்கே விடிந்துகொண்டு வரும். மனைவி தொலைபேசியைப் பிள்ளையின் காதில் வைப்பார். பிள்ளைக்கு என்ன கதைப்பது? கதைக்கிற வயதா அது? அந்த இரண்டு அடியையும் பாடுவார். அட்டையில் காசு முடிந்து தானாகவே வெட்டுப்படும்வரை பாடுவார். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை. ஒன்பது வருடம்.

ஒன்பதாம் வருடம் அவர்களுக்கு விசா வந்தது. சார்ல்ஸ் தெ கோல் விமான நிலையத்துக்கு நானும் போனேன், பெட்டி தூக்க. வட்டமாகக் கட்டிய அந்த முதலாம் முனையத்தில் காலையிலிருந்து நிற்கிறோம். அண்ணை கையில் ஒரு பொம்மை. கதவு திறந்தது. மனைவி வந்தார், பின்னால் பிள்ளை. பிள்ளையிடம் இருந்தது கலியாணப் படத்தில் இருக்கிற அப்பா. சுருட்டை முடி, தடித்த மீசை. எதிரில் நிற்கிறவருக்கு மீசையும் இல்லை, முன்மண்டையில் முடியும் இல்லை. தாய் சொல்கிறார், "அப்பாவடி, போ." பிள்ளை பார்த்தது. தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அண்ணை பொம்மையை நீட்டினார். பிள்ளை வாங்கவில்லை.

நடுவர் அவர்களே, பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளை அந்த இடத்தில் அவரை ஒதுக்கிவிட்டது. "இவர் இல்லை" என்றுவிட்டது.

அண்ணை அப்படியே தரையில் குந்தினார். சுற்றிவர நூறு பேர், பெட்டி உருட்டிக்கொண்டு போகிறார்கள். என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினார். பாடினார். ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. இறங்க வேண்டிய இடத்தில் தடக்கென்று மேலே போய் அங்கேயே நின்றது.

சேலைக்குப் பின்னால் இருந்து முதலில் ஒரு கை வந்தது. பிறகு பிள்ளை வந்தது.

சுருதி சேர்த்துப் பாடியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அவர் யாரோ ஒரு மனுசன்தான். பிரெஞ்சு மொழியில் அபசுரமாகப் பாடுவதைப் பொய்யாகப் பாடுவது என்றே சொல்வார்கள். பொய்யா, சகோதரி? பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் கேட்கிறேன், அது பொய்யா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே ஒரு வசனம். அடுத்த கார்த்திகையில் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்த்தார்கள். ஆசிரியை அதே தேவாரத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அழகாக, சுருதி பிசகாமல். பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்து தகப்பனிடம் சொன்னதாம்: "அப்பா, ரீச்சர் பிழையாகப் பாடுறா."

வணக்கம்.