ஆர்கனின் தாளத்துக்கு டிரம்பெட் செலுத்திய மரியாதை

[திரையில்: ஹேமண்ட் ஆர்கனின் கட்டைகள் மீது இரு கைகள், மிக அருகில்]

ஹேமண்ட் ஆர்கன் என்ற மின்னிசைக் கருவியில் ஒரு கட்டையை அழுத்தி விரலை எடுக்காமல் வைத்திருந்தால், ஒலி தேயாமல் அப்படியே நிற்கும். டிரம்பெட்டில் மூச்சு தீர்ந்தால் ஸ்வரமும் தீர்ந்துவிடும். இவ்விரு கருவிகளும் எப்படி ஒத்துப்போகின்றன என்பதைக் கேட்க, ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் 1958 பிப்ரவரி 25 அன்று ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘தி செர்மன்’ போதும். அதில் டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது வயது 19.

சிகாகோவின் லாரன்ஸ் ஹேமண்ட் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த ஆர்கனில், காந்தச் சுருள்களின் அருகே சுழலும் பல் வைத்த உலோகச் சக்கரங்களே ஒலியை உண்டாக்குகின்றன. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத கறுப்பின மக்களின் தேவாலயங்கள் பல இதை வாங்கின. தேவாலய இசையும் ப்ளூஸும் கலந்த ஜாஸ் வகையான சோல் ஜாஸின் உருக்கத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வந்தது. கட்டையை அழுத்தும் கணத்தில் எழும் ‘டிக்’ என்ற சிற்றோசையைப் பொறியாளர்கள் குறையென்று எண்ணிக் குறைக்கப் பார்க்க, வாசித்தவர்களோ அதையே தாளத்தின் கூர்முனையாக்கிக்கொண்டார்கள்.

[ஒலி: ஆர்கனின் பேஸ் (கீழ்ஸ்வர) வரிசை மட்டும்]

‘செர்மன்’ என்றால் பிரசங்கம். சுமார் 20 நிமிடம் நீளும் இந்த ப்ளூஸ், 12 பார் (தாள ஆவர்த்தனம்) கொண்ட ஒரே சுற்றில் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. பேஸ் கலைஞர் என்று தனியாக எவரும் இல்லை. ஸ்மித்தின் இடது கையும் கால்மிதிகளும் அந்தப் பொறுப்பை ஏற்க, ஆர்ட் பிளேக்கியின் டிரம்ஸ் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த ஓட்டத்தின் மேல் வேகத்தைக் காட்டுவது மார்கனுக்குக் கடினமே அல்ல. டிரம்பெட்டின் வால்வைப் பாதி அழுத்தி ஸ்வரத்தைக் குழைப்பதும் அவருக்குக் கைவந்த கலை. ஆனால், என் கணிப்பில், இத்தகைய இசையில் டிரம்பெட் ஆர்கனுக்குச் செலுத்தும் உண்மையான மரியாதை அது விடும் இடைவெளிதான். ஒரு சொற்றொடரை ஊதி நிறுத்தும்போது ஆர்கன் மறுமொழி சொல்கிறது. பிரசங்கியாருக்குச் சபையார் குரல் கொடுப்பதைப் போல.

மரியாதை எதிர்த்திசையிலும் சென்றது. 1988இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் 17 வயதில் சேர்ந்த ஆர்கன் கலைஞர் ஜோயி டிஃப்ரான்செஸ்கோ, அவரைக் கேட்டுக் கேட்டே டிரம்பெட்டைக் கையில் எடுத்தார். பிற்காலத்தில் மேடையில் வலது கையால் டிரம்பெட்டைப் பிடித்து ஊதியபடியே இடது கையால் ஆர்கன் வாசிப்பார். மூச்சு வாங்க டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்தாலும், இடது கை நின்றதில்லை.