நேஷனல் மெரிட்: எங்கே செல்லும், எங்கே செல்லாது

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சித் தமிழ்ப் பெற்றோர் நிறைந்த அரங்கில் நேஷனல் மெரிட் என்னும் பள்ளி மாணவர்களுக்கான அமெரிக்க உதவித்தொகைப் போட்டியைக் குறைத்துப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பேசிவிடுகிறேன்.

11ஆம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி என்ற தேர்வுதான் இதற்கு வாசல். ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்கு மேல் போட்டியில் இருக்கிறார்கள். அரையிறுதிக்கு வருபவர்கள் சுமார் 16,000 பேர். அந்த இடங்களை மாநிலவாரியாகப் பங்கிடுகிறார்கள். அதனால்தான் நம் மாநிலத்தின் கட்-ஆஃப், அதாவது தேறத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. இங்கே ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்ட பிள்ளை வயோமிங்கில் இருந்திருந்தால் தாராளமாக உள்ளே வந்திருக்கும். அட்மிஷன் அதிகாரிக்கும் இது தெரியும். கையில் எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணே இருக்கும்போது நேஷனல் மெரிட் பட்டத்தைப் பார்த்து அவர் ஏன் மயங்கப் போகிறார்? எம்ஐடி 2022இல் எஸ்ஏடி போன்ற தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது. அது கேட்பதும் மதிப்பெண்ணைத்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடியையே பார்ப்பதில்லை.

காலக்கணக்கும் ஒத்துவராது. அரையிறுதிப் பட்டியல் செப்டம்பரில் வரும். இறுதிச் சுற்றுக்குத் தேறிய பைனலிஸ்ட் யார் என்ற செய்தி பிப்ரவரியில். கல்லூரி விண்ணப்பமோ நவம்பரில் அல்லது ஜனவரியில் போய்விடும். காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்தில் கௌரவங்களுக்கு 5 கட்டங்கள். ஒன்றில் அரையிறுதியை எழுதுங்கள். அவ்வளவுதான்.

சரி, அப்போ எல்லாம் வீணா? பணம் என்று வரும்போது கதையே வேறு. நேஷனல் மெரிட் நிறுவனம் நேரடியாகத் தருவது 2,500 டாலர், அதுவும் ஒரே முறை. ஹார்வர்டு போன்ற ஐவி லீக் கல்லூரிகள் குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் உதவித்தொகை தரும். மெரிட்டுக்கு ஒரு காசு கிடையாது. ஆனால் அலபாமா பல்கலைக்கழகமும் டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகமும் பைனலிஸ்டுகளைத் தேடிப்பிடித்து அழைக்கின்றன. கல்விக் கட்டணம் மட்டுமல்ல, தங்குமிடச் செலவுக்கும் பணம் தருகின்றன. அலபாமா என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான்கு வருடச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சுளியுங்கள்!

ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கல்லூரிதான் உங்கள் முதல் விருப்பம் என்று நேஷனல் மெரிட் நிறுவனத்திடம் குறித்த தேதிக்குள் பதிவு செய்ய வேண்டும். கல்லூரிக்கு விண்ணப்பித்தால் போதும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பதிவு இல்லையென்றால் பைனலிஸ்ட் ஆனாலும் அந்தப் பணம் வராது.