இ.எஸ்.எல் வகுப்பிலிருந்து பிள்ளையை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்

(டொராண்டோவில் தமிழ்ப் பெற்றோர், ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். இப்படியான கூட்டங்களில் முதலில் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “டீச்சர், மகன் இங்கிலிஷ் நல்லாகத்தானே கதைக்கிறான், பிறகேன் இன்னும் இ.எஸ்.எல்?” கேட்கும்போதே குரலில் ஒரு மனத்தாங்கல் இருக்கும். இ.எஸ்.எல் என்பது வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. ஆனால் அது மக்குப் பிள்ளைகளின் வகுப்பு என்று நம்மவர்களுக்குள் ஒரு பேச்சு. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜிம் கம்மின்ஸ் அயர்லாந்தில் பிறந்தவர். 1980களின் தொடக்கத்தில் இந்த நகரத்துப் பள்ளிகளின் தரவுகளை ஆராய்ந்தார். விளையாடும் இடத்து ஆங்கிலம் புதிதாக வந்த பிள்ளைக்கு இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். ஆனால் பாடப்புத்தக ஆங்கிலத்தில் கூடப் படிக்கும் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் வேண்டும் என்று அவர் கண்டார்.

இந்த இடைவெளியில்தான் பிள்ளை அகப்பட்டுக்கொள்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசாத 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய உளவியல் மதிப்பீட்டு அறிக்கைகளையும் கம்மின்ஸ் படித்தார். எல்லாம் மேற்குக் கனடாவில் எழுதப்பட்டவை. சரளமாகப் பேசுகிறதே, அப்படியானால் மொழியில் குறையில்லை, குறை பிள்ளையின் அறிவில்தான் என்று முடிவு கட்டிய அறிக்கைகள் அவற்றில் இருந்தன. ஒரு பிள்ளையின் படிப்பையே திசைமாற்றிவிடும் முடிவு இது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கணக்குப் பாடத்தை எடுங்கள். 45இலிருந்து 18ஐக் கழி என்றால் நம் பிள்ளை உடனே கழித்துவிடும். அதையே, ஒரு சிறுமியிடம் 45 முத்திரைகள், அது அவளுடைய தம்பியிடம் இருப்பதைவிட 18 குறைவு, இருவரிடமும் மொத்தம் எத்தனை என்று ஆங்கிலத்தில் நாலு வரிக்கு நீட்டினால், கூட்டுவதா கழிப்பதா என்று திகைக்கும். கணக்குத் தெரியும், கேள்விதான் பிடிபடவில்லை.

ஒன்டாரியோவில் ஈ.எல்.டி என்று இன்னொரு திட்டமும் உண்டு. போரிலும் முகாமிலும் பள்ளி விட்டுப்போன பிள்ளைகளுக்கானது. 2016 பிப்ரவரி முடிவதற்குள் 25,000 சிரிய அகதிகளைக் கனடா ஏற்றபோது, அவர்களில் பள்ளியையே சரியாகப் பார்க்காத பிள்ளைகள் இருந்தார்கள். வன்னியில் இடம்பெயர்ந்து அலைந்த குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணுமே தொடக்கத்திலிருந்து வேண்டும். சும்மா இ.எஸ்.எல் போதாது.

ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வந்த பிள்ளை மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எல்லோர் முன்னாலும் எழுந்து வாசி என்று அதைச் சங்கடப்படுத்தாதீர்கள். கேள்வி கேட்டபின் கொஞ்சம் பொறுங்கள். படம் காட்டுங்கள், பாதி வாக்கியத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள். சத்தம் போட்டுச் சொல்வதால் புரியாது, பிள்ளைக்குக் காதில் குறையில்லை!

அப்புறம், சொந்த மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். டொராண்டோவுக்கு வடக்கே யார்க் வட்டாரப் பள்ளி ஒன்றில், பாகிஸ்தானிலிருந்து வந்த மூன்று மாணவிகள் புது நாட்டுக்கு வந்த கதையைப் புத்தகமாக எழுதினார்கள். ஒருத்தி அப்போதுதான் வந்தவள், ஆங்கிலம் மிகக் குறைவு. தோழிகளோடு உருதுவில் பேசித் திட்டமிட்டதால் அவளுடைய அனுபவமும் புத்தகத்தில் ஏறியது. உருதுவிலும் ஆங்கிலத்திலும் அது வந்தது. ஆங்கிலம் மட்டும்தான் என்று அந்த ஆசிரியை சொல்லியிருந்தால், அவள் படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டு இருந்திருப்பாள்.

பெற்றோர்களே, இதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் உடைந்த ஆங்கிலம் பேசிப் பழக்க வேண்டாம். தண்ணீர் ஏன் ஆவியாகிறது என்று தமிழில் விளக்குங்கள். விஷயம் தெரிந்த பிள்ளைக்கு வகுப்பில் ஆங்கிலச் சொல்லை மட்டும் பிடித்தால் போதும்.

கடைசியாக, பெற்றோர் சந்திப்புக்குப் போகும்போது பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையைத் தானே எப்படிச் சொல்லும்? அதில் பாதி உங்கள் காதுக்கு வராது! மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேளுங்கள். இ.எஸ்.எல் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுவதற்கு முன், பிள்ளை எழுதிய ஒரு கட்டுரையையும் ஓர் அறிவியல் தேர்வுத்தாளையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.