அட்டையில "32 ஃபோர்டு"ன்னு இருந்தா நம்பலாமா? ஹாட் ராடுக்குப் பழைய பாடி தகரத்தை அடையாளம் கண்டு வெட்டுறது

[காட்சி: சந்தைத் தரையில துருப்பிடிச்ச ஒரு கிரில் ஷெல் (ரேடியேட்டரைச் சுத்தி நிக்கிற முன்பக்கக் கூடு). மேல சாய்ச்சு வச்ச அட்டை.]

அட்டையில "32 ஃபோர்டு"ன்னு எழுதியிருக்கு, அதாவது 1932 ஃபோர்டு கார். பழைய காரை வேகத்துக்காக மாத்திக் கட்டுறதுதான் ஹாட் ராடு, அதுக்கு இது ரொம்பப் பிரியமான கார். அமெரிக்காவுல, பென்சில்வேனியா மாநிலம் ஹெர்ஷியில அக்டோபர்ல கூடுற பழைய கார் சாமான் சந்தை மாதிரி இடங்கள்ல இந்த அட்டைக்குப் பஞ்சமே இல்ல. சில அட்டை உண்மை. சில அட்டை விக்கிறவரோட ஆசை.

32-க்கு ஏன் இவ்வளவு மவுசு? சாதாரண ஆளு வாங்குற விலையில ஃபோர்டு எட்டு சிலிண்டர் வி-8 என்ஜின் கொண்டுவந்தது அந்த வருஷம்தான். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ஆனா ஹாட் ராட்காரங்க மயங்கினது சேஸ்லயும்தான் (பாடியைத் தாங்குற அடிச்சட்டம்). தெற்கு கலிஃபோர்னியாவுல மூரோக், எல் மிராஜ் மாதிரி வறண்ட ஏரிப்படுகையில வேகம் பார்த்தவங்க, எடை குறைய மட்கார்டைக் கழட்டிடுவாங்க. 32-க்கு முந்தின ஃபோர்டான மாடல் ஏ-ல கழட்டினா, தகரம் போட்டு மறைச்சிருந்த மொட்டைச் சேஸ் பல்லைக் காட்டும். 32-ல சேஸோட பக்கமே வெளிய தெரியுறதுக்குன்னு செஞ்சது. பாடியோட வளைவுக்கு ஏத்த மாதிரி அதுல ஒரு கோடு அழுத்தியிருப்பாங்க. மட்கார்டு இல்லன்னாலும் உடுத்தின மாதிரியே இருக்கும்.

[காட்சி: கௌல் துண்டு, கிட்டத்துல.]

சரி, கையில இருக்கிறது எது? முதல்ல கௌலைப் பாருங்க. கௌல்னா பானட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற பகுதி. அதுமேல பெட்ரோல் மூடி இருந்தா அது 32 இல்ல, மாடல் ஏ. 1928-ல இருந்து 31 வரைக்கும் டேங்கே கௌலோட மேல்தகரம். ஓட்டுறவர் முழங்காலுக்கு மேல பெட்ரோல்! பம்ப் கிடையாது, தானா இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். 32-ல டேங்க் பின்னாடி போயிடுச்சு.

மாடல் ஏ-லயே ரெண்டு ஜாதி. பானட்டுல இருந்து வர்ற கோடு கதவு வரைக்கும் நேரா ஓடினா 1930-31. முன்கண்ணாடித் தூண்கிட்ட தகரம் வளைஞ்சு மேல ஏறினா 1928-29. ரெண்டுக்கும் கதவு மாத்திப் போட்டா கோடு சேராது.

இப்போ அந்த கிரில் ஷெல். மாடல் ஏ ஷெல் பளபளன்னு இருக்கும், 28-29-ல நிக்கல் பூச்சு, 30-31-ல துருப்பிடிக்காத எஃகு. 32 ஷெல்லுக்குப் பெயிண்ட்தான். உச்சியில ரேடியேட்டர் மூடிக்கு ஓட்டை இருக்கும். ஓட்டை இல்லையா? திருப்பி உள்பக்கம் பாருங்க. வட்டமா வெல்டிங் தழும்பு இருந்தா, யாரோ அடைச்சது. அது குறை இல்ல, அந்தக் காலத்துல இருந்தே பண்ற வேலைதான். தழும்பும் இல்ல, காந்தமும் ஒட்டலன்னா ஃபைபர் கிளாஸ்.

33-க்கும் 34-க்கும் பானட் பக்கத்தைப் பார்த்தா போதும். காத்துப் போற வரிவெட்டு வளைஞ்சு, கைப்பிடி ஒண்ணு இருந்தா 33. வெட்டு நேரா, கைப்பிடி ரெண்டா இருந்தா 34.

பாக எண்ணுலயும் துப்பு உண்டு: ஏ-ல ஆரம்பிச்சா மாடல் ஏ, பி அல்லது 18-ன்னா 32, 40-ன்னா 33-34. ஆனா பெரிய தகரத்துல எண்ணைத் தேடி கண்ணைக் கெடுத்துக்காதீங்க. வடிவமே சொல்லிடும்.

[காட்சி: மேஜையில கவுத்து வச்ச டீக்கடை பேப்பர் கப், கத்தரிக்கோல்.]

இனி வெட்டு. கூரையைத் தாழ்த்துற வேலைக்கு 'சாப்'னு பேரு. மூணு அங்குலம் வெட்டி எடுத்துட்டு, மேல்பாதியைக் கீழ இறக்கி ஒட்டணும். அவ்வளவுதானேன்னு தோணும். இந்தக் கப்பைப் பாருங்க. நடுவுல ஒரு வளையத்தை வெட்டி எடுத்துட்டு மேல்துண்டைக் கீழ வைக்கிறேன். உட்காருதா? மேல்துண்டோட வாய் சின்னது, உள்ள விழுது.

காரும் இப்படித்தான். மேல போகப் போகக் குறுகும். முன்தூண் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு அங்குலம் பின்னாடி சாயுதுன்னு வச்சுக்குங்க. மூணு அங்குலம் எடுத்தா முன்னாடி முக்கால் அங்குலம் குறையும். பின்பக்கமும் அதே அளவு சாய்வுன்னா, மொத்தத்துல கூரை ஒன்றரை அங்குலம் குட்டை. இதுக்கு ரெண்டு வழி. தூணை அடியில கீறி இன்னும் சாய்க்கிறது ஒண்ணு. கூரையைக் குறுக்கே வெட்டி நடுவுல தகரம் சேர்க்கிறது இன்னொண்ணு. மாடல் ஏ தூண் கிட்டத்தட்ட செங்குத்து, அதனால முதல் தடவை வெட்டுறவங்க அதுல கை வைக்கலாம். 33-34 சாய்வு அதிகம், பழகின கைக்கே தண்ணி காட்டும்.

வெட்டுறதுக்கு முன்னாடி கதவை மாட்டி, இடைவெளியைச் சரிபார்த்து, உள்ள குறுக்குச் சட்டம் வெல்டிங் வச்சிடுங்க. இல்லன்னா கூரை போனதும் பாடி விரியும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. ஒவ்வொரு தூணா வெட்டுங்க. கண்ணாடி தட்டையானதுதான், லேமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்டிக்கலாம். டெம்பர்டு கண்ணாடியில வெட்டுக்கோடு போட்டா தூள்தூளா போயிடும்.

மாடல் ஏ-ன்னா இன்னொண்ணு. டேங்கை மறந்துட்டு கௌல்ல வெல்டிங் டார்ச் பிடிக்காதீங்க. பல வருஷமா காலியாக் கிடந்த டேங்க்லயும் ஆவி தங்கியிருக்கும். கழட்டி வெளிய வச்சுட்டு வேலையை ஆரம்பிங்க.

என் கருத்து: துரு ஏறாத, முழுசான 32 மூணு ஜன்னல் கூப்பே கிடைச்சா (ரெண்டு கதவுக் கார், கதவு பின்பக்கக் கீல்ல திறக்கும்) அதை வெட்டாதீங்க. ஒஹாயோவுல புரூக்வில் நிறுவனம் மாடல் ஏ, 32 பாடிகளைப் புது எஃகுலயே செய்யுது. வெட்டணும்னு கை அரிச்சா அதை வெட்டலாம்.

[காட்சி: வெல்டிங் கோட்டு மேல ஈயம் பூசுறது.]

வெல்டிங்கை ஒரே ஓட்டமா இழுக்காதீங்க, தகரம் சூட்டுல அலையா நெளியும். தள்ளித்தள்ளிப் பொட்டு வச்சு, ஆறவிட்டு, டாலி (பின்னாடி முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டி) கொடுத்துத் தட்டுங்க. அப்புறம் ஈயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுற மாதிரிதான்: முதல்ல ஃப்ளக்ஸ் (தகரத்தைச் சுத்தமாக்கி ஈயத்தை ஒட்ட வைக்கிறது) தடவி மெல்லிசாப் பூச்சு, அதுமேல 70 பங்கு காரீயம், 30 பங்கு வெள்ளீயம் கலந்த குச்சி. 183 டிகிரி செல்சியஸ் தாண்டினா வெண்ணெய் மாதிரி இளகும், மரத்தட்டையால இழைச்சு விடலாம். மிஷின் போட்டு தேய்க்காதீங்க, காரீயத் தூசி நுரையீரலுக்குப் போகும். கை அரம் போதும், முகமூடியும் போட்டுக்குங்க.

ஃப்ளக்ஸ்ல அமிலம் இருக்கு. சமையல் சோடா கரைச்ச தண்ணியால மடிப்பு, மூலை விடாம கழுவி, நல்லாக் காயவிடுங்க. அரைகுறையா விட்டா பெயிண்ட் அடிச்ச கொஞ்ச மாசத்துல, சரியா அந்த வெல்டிங் கோட்டு மேலயே கொப்புளம் கிளம்பும். அப்போ ஈயத்தையும் சுரண்டி எடுத்துட்டு, முதல்ல இருந்து பூசணும்.