நங்கான்யி முதியவர்களும் வானிலை அறிவியலாளர்களும்

அவையோருக்கு வணக்கம். ஆப்பிரிக்காவில் மரபறிவையும் வானிலை அறிவியலையும் இணைக்கும் முயற்சிகள் பல இடங்களில் நடந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். பொதுப்படப் பேசினால் இந்தப் பொருள் வெறும் பாராட்டுரையாக முடிந்துவிடும்.

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கு வடக்கே, விஹிகா மாவட்டத்தில் நங்கான்யி என்னும் குலத்தார் வாழ்கிறார்கள். லுஹ்யா மக்களைச் சேர்ந்த இவர்கள் தலைமுறை தலைமுறையாக மழைக்குறி சொல்பவர்கள். நாம் கோயில்காடு என்று சொல்வதைப் போன்ற சிறு காடுகளை அவர்கள் வெட்டாமல் காத்து வருகிறார்கள். எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது, எது முன்கூட்டிப் பூக்கிறது, எறும்புகள் எப்படி இடம் பெயர்கின்றன, எந்தப் பறவை எப்போது குரல் கொடுக்கிறது என்பவற்றையெல்லாம் அங்கே கவனித்து, குலத்து முதியவர்கள் கூடிப் பேசி, வரும் பருவம் இப்படியிருக்கும் என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். காடு அழிந்தால் குறியும் அழியும் என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள்.

மறுபுறம், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கான பருவ முன்னறிவிப்பு நைரோபியை அடுத்துள்ள வட்டாரக் காலநிலை மையத்திலிருந்து வெளிவருகிறது. இதற்கான வல்லுநர் கூட்டங்கள் 1998 முதல் நடந்துவருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் குறுமழைக் காலத்தைப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ நிலையும் இந்தியப் பெருங்கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆகையால் கடலின் வெப்பநிலையைக் கொண்டு அம்மழையை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடிகிறது. மார்ச் முதல் மே வரையிலான நெடுமழை அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. விஹிகா உழவர் மக்காச்சோளமும் அவரையும் விதைப்பதோ பெரும்பாலும் அந்த நெடுமழையை நம்பித்தான்.

இந்த முன்னறிவிப்பு, மழை வழக்கத்தைவிடக் கூடுமா, வழக்கம்போல் இருக்குமா, குறையுமா என்ற மூன்று வாய்ப்புகளையும் விழுக்காட்டில் சொல்கிறது. அறிவியல் நோக்கில் அது நேர்மையான விடை. ஆயினும் சிறு துண்டு நிலத்தில், கடன் வாங்கிய விதையைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் மழைக்கே விதைக்கலாமா, இரண்டாவது மழைக்குக் காத்திருக்கலாமா என்று தவிக்கும் ஒருவருக்கு அது போதாது. மேலும், ஏரியிலிருந்து பகலில் எழும் காற்று கிழக்கே உயர்ந்துசெல்லும் நிலத்தில் மோதிப் பிற்பகல் இடிமழையாக இறங்கும் பகுதி அது. ஒரு குன்றுக்கு அப்பால் பெய்வது இப்பால் பெய்யாது. பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளில் இந்த நுணுக்கம் அகப்படுவதில்லை.

2008 அளவில் தொடங்கிய ஒரு திட்டத்தில் கென்ய வானிலைத் துறையும் அந்த வட்டார மையமும் மசேனோ பல்கலைக்கழகம் உள்ளிட்ட கல்வி நிறுவனங்களும் நங்கான்யி முதியவர்களோடு ஒன்றாக உட்கார்ந்தன. பருவம் தொடங்குவதற்கு முன் இரு தரப்பும் தனித்தனியே தம் கணிப்பைச் சொல்லி, வேறுபடும் இடங்களை விவாதித்து, இசைவான ஒரே அறிவிப்பை உருவாக்கின. அது உள்ளூர் மொழியில் ஊர்க்கூட்டங்கள் வழியாகவும் சமூக வானொலி வழியாகவும் மக்களிடம் சென்றது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது அந்த விவாதம்தான். பல திட்டங்களில் மரபறிவு ஓர் உறையாக மட்டுமே பயன்படுகிறது. தலைநகரில் முடிவாகிவிட்ட செய்தியை மக்கள் ஏற்கும்படி முதியவர் வாயால் சொல்லவைக்கிறார்கள். அதை இணைப்பு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. முதியவரின் கூற்று அறிவிப்பை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதுபோலவே, கடல் வெப்பநிலை வேறொன்றைக் காட்டும்போது அவரும் தம் கணிப்பைத் திருத்திக்கொள்ள இடமிருக்க வேண்டும். காலனி ஆட்சிக் காலத்தில் மழைக்குறி சொல்வோர் சூனியக்காரரோடு சேர்த்து எண்ணப்பட்டனர். 1925 இல் இயற்றப்பட்ட சூனியத் தடைச் சட்டம் கென்யாவில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. இத்தகைய வரலாற்றுக்குப் பிறகு அரசு அலுவலரோடு ஒரே மேசையில் அமர்ந்து தம் அறிவைப் பகிர அவர்கள் முன்வந்ததை நான் பெருந்தன்மை என்றே கருதுகிறேன்.

மரபுக் குறிகளுக்கும் எல்லை உண்டு. கடந்தகாலப் பருவங்களின் ஒழுங்கில் தேர்ந்த கண்களுக்கு, வெப்பம் கூடி, மரங்கள் காலம் தவறிப் பூக்கும்போது, பழைய பொருத்தங்கள் தளர்ந்து தெரிகின்றன. அறிவியல் எச்சரிக்கையும் தனியே நின்றால் போதாது. 2010 இன் இறுதியில் பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா நிலையால், சோமாலியா உள்ளிட்ட ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியில் மழை பொய்க்கும் என்ற எச்சரிக்கை வந்திருந்தும், போரும் தாமதமான உதவியும் சேர்ந்துகொள்ள, 2011 ஜூலையில் தென் சோமாலியாவின் சில பகுதிகளில் ஐ.நா. பஞ்சத்தை அறிவிக்க நேர்ந்தது.

ஆகவே இனிச் செய்ய வேண்டியது ஊர்தோறும் பதிவேடு வைப்பதே. எந்தக் குறி எந்த நாளில் தோன்றியது என்று முதியவர்கள் சொல்ல, ஊர்ப் பள்ளியின் மழைமானி காட்டிய அளவோடு சேர்த்து மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதிவரட்டும். எந்தக் குறி இன்றும் நிலைக்கிறது, எது பொருந்தாமல் போயிற்று என்பதை அப்பதிவேடு சில பருவங்களிலேயே காட்டத் தொடங்கும். அந்த ஏட்டின் உரிமை, ஆய்வு செய்ய வருபவரிடம் போகாமல், அந்த ஊராரிடமே இருக்க வேண்டும்.