பார்வையற்ற மாணவர்களும் இணையவழி வகுப்பும்

நேயர்களுக்கு வணக்கம். 2020-ல் பள்ளிகளை மூடியபோது பாடமெல்லாம் கைப்பேசிக்கு வந்தது. பள்ளி திறந்த பிறகும் தேர்வுப் பயிற்சி, சிறப்பு வகுப்பு என்று அது தொடர்கிறது. பார்வையற்ற பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு எப்படிக் கேட்கிறது என்பதை, அவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராகச் சொல்கிறேன்.

அவர்களுக்குத் துணை திரைவாசிப்பான், அதாவது திரையிலுள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ. இரண்டுக்கும் காசு கிடையாது, தமிழும் படிக்கும். என்விடிஏவை 2006-ல் உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் பார்வையற்றவர்தான். ஆக, கருவி இருக்கிறது. நாம் அதன் வாயில் எதைப் போடுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

வகுப்பு தொடங்குகிறது. ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் வரிசையாக "வந்துட்டேன் சார்" என்று அரட்டைப் பெட்டியில் தட்டிவிடுகிறார்கள். பார்வையுள்ள பிள்ளைக்கு அது திரையோரமாக ஓடிவிடும். பார்வையற்ற பிள்ளைக்கோ ஒவ்வொன்றையும் அனுப்பியவர் பெயரோடு திரைவாசிப்பான் உரக்கப் படிக்கும், ஆசிரியர் குரலின் மேலேயே. அந்த நேரத்தில் சொன்னது போனதுதான்.

அப்புறம் திரைப்பகிர்வு. நாம் பகிர்வது அந்தப் பக்கம் வீடியோவாகத்தான் போய்ச் சேர்கிறது. அதிலுள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் தானாகப் படிக்காது. "இதையும் இதையும் கூட்டினா இது வரும்" என்கிறோம். எதையும் எதையும்? "மூன்று எக்ஸ், கூட்டல் ஐந்து" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், பிள்ளை கணக்கைப் பிடித்துக்கொள்ளும்.

குறிப்புகள் அனுப்புவதிலும் இதே கதைதான். கரும்பலகையைப் படமெடுத்து அனுப்பினால் "படம்" என்று மட்டும் சொல்லும். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்திய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு இன்னும் மோசம். அதில் 'அம்மா' என்பதை எழுத்தெழுத்தாகக் கேட்டால் 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்று வரும். பிள்ளை என்ன செய்யும்? தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோடில் அடித்து, முதல் நாளே அனுப்புங்கள். குறைப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கும் அதுவே நல்லது, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வார்கள்.

ஒன்றை மட்டும் இணையத்தால் தர முடியவில்லை, அது தொடுகை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து ஆறு புள்ளிகளின் மேல் நகர்த்தித்தான் பிரெயில் பழக்குகிறோம். டெய்லர் சட்டம் என்பது எண்கட்டைகளைக் குழிகளில் செருகிக் கணக்குப் போடும் பலகை; அதில் ஒரு கட்டை தவறாகத் திரும்பியிருந்தால், விரலோடு விரல் வைத்துத்தான் திருத்துகிறோம். இதற்கு ஆசிரியர், பிள்ளையின் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். அந்தப் பயணத்தை வேலை நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிரெயில் தாள்களையும் தொட்டறியும் வரைபடங்களையும் வகுப்புக்கு முன்பே அஞ்சலில் அனுப்பிவிடலாம். பார்வையற்றோருக்கான இத்தகைய பொதிகளுக்கு, ஏழு கிலோ வரை, தரைவழியில் இந்திய அஞ்சல் துறை கட்டணம் வாங்குவதில்லை. பல பள்ளிகளுக்கு இது தெரியவில்லை. உங்கள் ஊர் அஞ்சலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.